பலகையில் இருப்பதுதான் சட்டம்

“நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர்கள் அனைவரும் சாதி, மத, பால் வேறுபாடின்றிச் சமமாக நடத்தப்படுவார்கள்.” எங்கள் நிறுவனத்தின் சமத்துவக் கொள்கை இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கியது. மேலாளர் அறையில் உட்கார்ந்து படித்தால் குறை ஒன்றும் கண்ணில் படாது. இலை நிறுக்கும் கொட்டகையில் நின்று படிக்க வேண்டும். சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். தினக்கூலிகள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், சீசனுக்கு மட்டும் அழைக்கப்படுகிறவர்கள். அவர்களையும் சமமாக நடத்துவோம் என்று அந்தத் தாளில் எந்த இடத்திலும் இல்லை.

நான் கோத்தகிரி வட்டாரத்தில் உள்ள ஒரு தேயிலை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்தத் தோட்டமும் தொழிற்சாலையும் உண்டு. சிறு விவசாயிகளிடமிருந்தும் பச்சைத் தேயிலை வாங்குகிறோம். பெயர் இங்கே வேண்டாம். நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்களை விசாரிக்க இந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் நிறுவனத்திலும் குழு அமைத்தார்கள், கொள்கையையும் எழுதினார்கள், இரண்டையும் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டிய தாளில் இருந்த பல வரிகள் சட்டம் கொடுத்ததைக் குறைத்தே கொடுத்தன. அவற்றைத் திருத்தக் கேட்டதையும், எவை திருந்தின, எது இன்னும் திருந்தவில்லை என்பதையும் எழுதுகிறேன். வேறு தோட்டங்களிலும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் இதே வரிகள் ஒட்டப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம். ஒரே மாதிரிப் படிவத்தைத்தான் எல்லோரும் நகல் எடுக்கிறார்கள்.

முதன்முதலில் நான் இதை எடுத்துப் பேசியபோது மேலாளர் சொன்ன பதில் இது: “கொள்கையில் என்ன எழுதியிருந்தால் என்ன மேடம்? சட்டம்தானே கடைசியில் செல்லும்?” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் அது உண்மையும்கூட. நிறுவனத்தின் கொள்கை சட்டத்தைவிடக் குறைவாக எதைக் கொடுத்தாலும் சட்டம்தான் நிற்கும். ஆனால் எங்கள் தோட்டத்திலிருந்து நீதிமன்றம் வரை போகிறவர் யார்? என் அம்மா கொழுந்து பறித்தவர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரியும்: தோட்டத்தில் சட்டம் என்றால் பலகையில் ஒட்டியிருப்பதுதான். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சொல்வதும் மேஸ்திரி சொல்வதும் அதற்கடுத்தபடி. டெல்லியில் நாடாளுமன்றம் என்ன நிறைவேற்றியது என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை; கேட்டாலும் சொல்ல ஆள் இருந்ததில்லை. பலகையில் “நிரந்தரப் பணியாளர்” என்று இருந்தால், தினக்கூலிப் பெண் தனக்கு அது இல்லை என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிடுவார். உரிமை அந்த இடத்திலேயே முடிந்துபோகும். எந்த நீதிபதியும் அதைப் பார்க்கப்போவதில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு “பணியாளர்” யார் என்பதை விரிவாகவே சொல்கிறது. நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தினக்கூலியாகவோ வேலை செய்பவர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சியில் இருப்பவர், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எல்லோரும் பணியாளர்களே. புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேயிலை விற்க வரும் சிறு விவசாயியின் மனைவிக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். பணியிடம் எது என்பதிலும் இதே கதைதான். எங்கள் கொள்கையில் “தொழிற்சாலை மற்றும் அலுவலக வளாகம்” என்று இருந்தது. எங்கள் பெண்கள் நாள் முழுக்க நிற்பது சரிவிலும் காட்டிலும். போய்வருவது கம்பெனி ஜீப்பில், சில நாள்களில் இலை ஏற்றும் டிராக்டரில். வேலையின் பொருட்டுப் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடமே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஜீப்பை விட்டுவிட்டு ஒரு கொள்கை எழுதினால், மலைத்தோட்டத்தில் அந்தக் கொள்கைக்கு எல்லை ஏது?

எல்லாவற்றிலும் கொடுமையான வரி புகாரைப் பற்றியது. “நிரூபிக்கப்படாத புகார்கள் பொய்ப் புகார்களாகக் கருதப்பட்டு, புகார் அளித்தவர் மீது பணிநீக்கம் உட்பட ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.”

சம்பளச் சீட்டில் ஏதோ பிடித்தம் என்று கேட்க வந்த ஒரு பெண், போகிறபோது வாசலில் நின்றார். “அக்கா, பொய்யாகப் புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று பலகையில் இருக்கிறதாமே? என் மகள் படித்துச் சொன்னாள்.” இருக்கிறது என்றேன். “பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றால் அது பொய்தானா?” அவர் தனக்காகக் கேட்டாரா, வேறு யாருக்காகவாவது கேட்டாரா என்று நான் துருவவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் போதும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பனிமூட்டத்தில் நடக்கிற ஒன்றுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? பாலியல் துன்புறுத்தல் பெரும்பாலும் ஆள் இல்லாத இடம் பார்த்தே நடக்கிறது. சாட்சி இல்லாவிட்டால் பொய், பொய் என்றால் வேலை இல்லை என்று எழுதி வைத்தால், வாயைத் திறக்காதே என்று எழுதி வைத்ததாகத்தான் அர்த்தம்.

சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படித்தவர்கள் இந்த வரியை எழுதியிருக்கவே முடியாது. பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். தீய நோக்கத்தோடோ, பொய் என்று தெரிந்தோ, போலி ஆவணம் காட்டியோ கொடுத்த புகாருக்கு மட்டுமே அது பொருந்தும். அந்தத் தீய நோக்கமும் விசாரணையில் தனியாக நிறுவப்பட வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதோ, போதிய ஆதாரம் தர முடியாததோ மட்டும் நடவடிக்கைக்குக் காரணம் ஆகாது என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. எங்கள் கொள்கையில் முதல் பாதி இருந்தது, பிற்பாதி இல்லை.

கால அளவும் அப்படியே. புகாரை ஏழு நாள்களுக்குள், எழுத்து மூலம், மேலாளர் வழியாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சட்டம் மூன்று மாதம் தருகிறது. காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. புகார் நேராகக் குழுவுக்கு வர வேண்டும். மேலாளர் நடுவில் இல்லை. முதலாளியின் மீதே புகார் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் அதுதான். நீலகிரியில் எத்தனையோ சிறு விடுதிகள், ஹோம்ஸ்டேக்கள், வீட்டு வேலைகள் அந்தக் கணக்கில்தான் வரும்.

திருத்தம் கேட்பதற்கு நான் எடுத்துக்கொண்ட வழியைச் சொல்கிறேன். கோபமாக ஒரு கடிதம் எழுதுவது எளிது. அது கோப்பில் போய்விடும். ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்தேன். முதல் பத்தியில் கொள்கையில் இப்போது உள்ள வாக்கியம், ஒரு சொல்லும் மாறாமல். இரண்டாவதில் சட்டம் சொல்வது, பிரிவு எண்ணோடு. மூன்றாவதில் அதற்குப் பதிலாக வர வேண்டிய வாக்கியம். மூன்றாவது பத்திதான் முக்கியம். “இது தவறு” என்று மட்டும் சொன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும். அந்த யாரோ ஒருவர் கிடைக்கவே மாட்டார். எழுதியே கொடுத்துவிட்டால் சம்மதம் அல்லது மறுப்பு என்ற இரண்டே வழிதான் மிஞ்சும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத வேண்டிவரும்.

தாளை என் பெயரில் கொடுக்காமல் உள்ளகக் குழுவின் கூட்டத்தில் வைத்தேன். குழுவின் வெளி உறுப்பினர் கோத்தகிரியில் பெண்கள் குழுக்களோடு பல காலமாக வேலை செய்துவரும் ஒரு அம்மா. வரி வரியாகப் படித்தார். “இது தனி ஒருத்தி கேட்கிற சலுகையாகப் போகக் கூடாது, குழுவின் பரிந்துரையாகப் போகட்டும்” என்றார். அப்படியே போயிற்று. குழு ஆண்டுதோறும் நிறுவனத்துக்கும் மாவட்ட அலுவலருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21-ஆம் பிரிவு. அந்த ஆண்டின் அறிக்கையில் இந்தப் பரிந்துரையும் இடம்பெறும் என்று கூட்டக் குறிப்பில் பதிந்தோம். மிரட்டவில்லை, நடக்கப்போவதைச் சொன்னோம். இன்னொன்றும் உதவியது. தேயிலை வாங்கும் பெரிய நிறுவனங்கள் இப்போது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், டிரஸ்ட்டீ போன்ற சான்றுகளை எதிர்பார்க்கின்றன. தணிக்கைக்கு வருகிறவர்கள் பாகுபாடு பற்றிய கொள்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். தொழிலாளர்களிடமும் தனியாகப் பேசுகிறார்கள். சட்டத்துக்கு மாறான வரி தணிக்கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை மேலாளருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து சட்ட ஆலோசகர் வந்தார். பொய்ப் புகார் வரியை விட அவருக்கு மனமில்லை. “அந்த அச்சம் இருந்தால்தான் மேடம் ஆண்கள் நிம்மதியாக வேலை செய்வார்கள்” என்றார். தவறான குற்றச்சாட்டுக்கு ஆளாகும் ஆணின் வேதனையை நான் சிறிதாக நினைக்கவில்லை. அவரைக் காப்பதற்குத்தான் விசாரணை இருக்கிறது, இரு தரப்பையும் கேட்கும் கடமை இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது, தீய நோக்கம் நிறுவப்பட்டால் நடவடிக்கையும் இருக்கிறது. இவ்வளவும் போதாது, புகார் சொல்பவரின் வேலையையும் பணயம் வைக்க வேண்டும் என்பது சட்டத்தில் இல்லாத தண்டனை. வெளி உறுப்பினர் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா, திருட்டுப் புகார் கொடுக்கிறவர் திருடனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அவரை வேலையை விட்டு நீக்குவீர்களா?” சட்ட ஆலோசகர் நல்ல மனிதர். சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் மூன்றாவது பத்தி வாக்கியத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டு ஏற்றுக்கொண்டார்.

சாதி, மதம், பால் என்று மூன்றோடு நின்றுவிட்ட பட்டியலை நீட்டச் சொன்னதற்கு எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தது. “எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போக முடியுமா?” என்றார்கள். எழுதத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. திருநர்களுக்கு வேலை கொடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தனியார் நிறுவனம் அதற்கு விலக்கல்ல. இந்த இரண்டும் எளிதாகச் சேர்ந்துவிட்டன. வாக்குவாதம் வந்தது “பிறப்பிடம்” என்ற சொல்லில். அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது உறுப்பில் மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றோடு பிறப்பிடமும் இருக்கிறது. அந்த உறுப்பு அரசைக் கட்டுப்படுத்துவது, தனியார் நிறுவனத்துக்கு எதற்கு என்று கேட்டார்கள்.

எதற்கென்றால், இந்த மலையில் அதுதான் அன்றாடம் நடக்கிற பாகுபாடு. எங்கள் குடும்பத்தை இன்றைக்கும் “சிலோன்காரர்கள்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பட்டதை இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இலை பறிக்கும் பிள்ளைகள் படுகிறார்கள். செங்குத்தான, அட்டை மிகுந்த பகுதி யாருக்குப் போகிறது, ஒழுகும் லைன் வீடு யாருக்குப் போகிறது என்று பட்டியலைப் பார்த்தாலே தெரியும். சம்பளப் பட்டியல் என் கையில்தான் இருக்கிறது. கூலியில் வித்தியாசம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வேலை பிரிப்பதில்தான் வித்தியாசம். கொள்கையில் அந்தச் சொல் இருந்தால், கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். கடைசியில் “பிறப்பிடம், மொழி” என்று இரண்டையும் சேர்த்தார்கள். சேர்த்த பிறகு, பலகையில் தமிழோடு இந்தியிலும் அந்தத் தாளை ஒட்ட வேண்டும் என்று கேட்பதும் எளிதாயிற்று.

பழங்குடியினர் பற்றி ஒரு வரி இருந்தது. “உள்ளூர்ப் பழங்குடியினருக்குத் தோட்டப் பணிகளில் முன்னுரிமை அளிக்கப்படும்.” எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. எங்கள் தோட்டத்தைச் சுற்றி இருளர், குறும்பர் ஊர்கள் இருக்கின்றன. முன்னுரிமை என்பது கேட்க இனிமையானது. ஆனால் “தோட்டப் பணிகளில்” என்று அடைத்துவிட்டார்களே. கல்லூரி முடித்த இருளர் பெண் ஒருவர் அலுவலக வேலைக்கு விண்ணப்பித்தபோது, அவருக்குத் தோட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். கொள்கையைப் பின்பற்றியதாகவே நினைத்தார்கள். நாங்கள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை: “அனைத்துப் பணிகளிலும்” என்று மாற்றுங்கள். இந்தத் திருத்தத்துக்கு ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. எழுதியபோது யோசிக்கவில்லை, படித்தபோதும் யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவே. அந்தப் பெண் இப்போது குன்னூரில் வேறு இடத்தில் வேலை செய்கிறார், எங்களுக்குத்தான் இழப்பு.

மகப்பேறு பற்றிய பகுதி 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்தைய பன்னிரண்டு வாரத்திலேயே நின்றிருந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரம் என்பதைக் காட்டியதும் திருத்திவிட்டார்கள். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்றுப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் டெல்லி மாநகராட்சி வழக்கில் தீர்ப்பளித்ததையும் சேர்த்துக் கொடுத்தோம். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற வரி முன்பே சரியாக இருந்தது. அதற்காக எழுதியவரைப் பாராட்ட வேண்டும்.

திருந்தாமல் நிற்பது ஒன்று. “பாதுகாப்பு கருதிப் பெண்கள் தொழிற்சாலையில் இரவுப் பணியில் அமர்த்தப்பட மாட்டார்கள்.” சீசனில் மாலையில் வந்து குவியும் இலையை விடியும்வரை அரைத்தாக வேண்டும், இலையைச் சுருட்டும் ரோலர், உலர்த்தும் டிரையர் பக்கத்து வேலைகள் ஷிப்டில் ஓடுகின்றன. இரவு ஷிப்டு பார்க்காதவர் ஆபரேட்டர் ஆக முடியாது. ஆபரேட்டர் ஆகாதவருக்கு அந்தச் சம்பளம் இல்லை. அதனால் பெண்கள் சலிக்கும் பிரிவிலும் பொட்டலம் கட்டுவதிலும் ஓய்வு பெறும்வரை நிற்கிறார்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களுக்கு இருந்த இரவுப் பணித் தடையை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம், அது சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கிவிட்டது. போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு ஆகியவற்றை முதலாளி செய்து தர வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பெண்ணின் ஒப்புதலோடு இரவுப் பணியை அனுமதிக்கிறது.

மேலாளர் இங்கே அசைய மறுக்கிறார். கரடி நடமாடும், காட்டெருமை நிற்கும் பாதை என்கிறார். உண்மைதான், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அதே பாதையில்தான் இரவு ஷிப்டு ஆண்களும் நடந்து வருகிறார்கள். கரடி ஆள் பார்த்தா வழிமறிக்கிறது? வண்டி விட்டால் இருவருக்கும் நல்லது. சலிக்கும் பிரிவில் உள்ள பெண்களிடம் கேட்டேன். சிலருக்கு இரவு வேலை வேண்டவே வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தைகள். சிலர், “வண்டி வந்தால் நாளைக்கே வருகிறேன் அக்கா” என்கிறார்கள். வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. வருகிறேன் என்பவரைத் தடுக்கும் வரியை எடுக்கச் சொல்கிறோம். “பெண் பணியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, வீட்டு வாசல்வரை வாகன வசதி செய்து தரப்பட்ட பின்னரே” என்று மூன்றாவது பத்தியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாகனச் செலவை நானே கணக்குப் போட்டு அதோடு இணைத்தேன். நிர்வாகம் இன்னும் பதில் தரவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது முதல் பொருளாக இருக்கிறது. பதில் வராவிட்டால் ஆண்டறிக்கையில் “நிலுவையில் உள்ளது” என்று மாவட்ட அலுவலருக்குப் போகும்.